வளையம் இல்லாத சந்து

வியாழக்கிழமை, பத்தொன்பதாம் தேதி.

நேற்றைய கணித வகுப்புக் குறிப்பில் ஒரு சின்னத் தவறு. மரவெளி என்று மரம்போல் கிளைக்கும் ஓர் உருவம், அதில் முனைகளை வரிசையாக எண்ணிவிடலாம், கிளை பிரியும் இடங்களைத்தான் எண்ணி மாளாது என்று எழுதி வைத்திருக்கிறேன். தலைகீழாக எழுதியிருக்கிறேன். கிளை பிரியும் இடங்களை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்திவிட முடியும். முனைகள்தான் எந்த வரிசைக்கும் அடங்காமல் போகக்கூடியவை. இன்று மாலை அதை அடித்துத் திருத்தினேன். இப்படி ஒரு தவறு இருந்தால் அது என்னை அரித்துக்கொண்டே இருக்கும். வீட்டைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான்.

இந்தப் பக்கங்களை வழக்கமாக எனக்காகத்தான் எழுதுவேன். இன்று உங்களுக்காகவும் எழுதுகிறேன். சுகாதாரத் துறையிலிருந்து அடுத்த வாரம் ஓர் அதிகாரி விசாரணைக்கு வரப்போவதாக அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அந்த அதிகாரி நீங்கள்தான் என்று வைத்துக்கொள்கிறேன். நேரில் கேட்டால் எனக்கு வாய் குழறும், முன்னுக்குப் பின் முரணாக ஏதாவது சொல்லிவிடுவேன். எழுத்தில் என்றால் நிதானமாகச் சொல்ல முடியும். சரியான காரணம் இல்லாமல் நான் எதையும் செய்ததில்லை என்பது உங்களுக்கே தெரியவரும்.

குடிநீர் அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்தத் தெருவில் எந்தக் குழாய், எத்தனை அங்குலம், எங்கே வால்வு என்பதெல்லாம் என் கையில் இருக்கும் படங்களில்தான் இருக்கிறது. புகார்த் தொலைபேசியும் என் மேசையில்தான். மணி அடித்தால் எடுத்து, தெருவையும் குறையையும் ஒரு சீட்டில் எழுதி வால்வுக்காரரிடம் கொடுக்க வேண்டும். மற்றபடி என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

நகரத்தின் மேட்டுப் பகுதிக்குத் தனியாக ஒரு தொட்டி இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு எந்த வீட்டு மீட்டரிலும் ஏறுவதில்லை. நான் வேலையில் சேர்ந்ததிலிருந்து அப்படித்தான். இதை நான் இன்ஜினியரிடம் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்.

"எங்கேயோ ஒழுகுதும்மா. எல்லா ஊர்லயும் ஒழுகும். ஒழுகாத குழாய் உன் படத்துலதான் இருக்கும்."

எங்கேயோ என்பது ஓர் இடம் அல்ல. இந்த ஒரு சொல் என்னை எவ்வளவு படுத்தியது என்று உங்களுக்குப் புரிய வேண்டும். சாப்பிடும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் யாரோ காதுக்குள் சொட்டுச் சொட்டாக விடுவதுபோல் இருக்கும்.

வாரம் மூன்று மாலை கணித வகுப்புக்குப் போகிறேன். ஒரு தொடக்கப் பள்ளியின் மாடியில் நடக்கிறது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவோம். மேடம் பகலெல்லாம் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு வருவார், குரல் பாதி போயிருக்கும். அதனால் சுருக்கமாகப் பேசுவார், அது எனக்குப் பிடிக்கும். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். நான் வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் அண்ணி ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டார்.

"பகல் பூரா குழாய்ப் படம், சாயங்காலமானா மரத்துப் படம். நம்ம வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுது, அதுக்கு ஒரு வாஷர் போட ஆள் இல்ல."

"விடு, அவ பெரிய குழாயெல்லாம் பாக்கறவ. சின்னக் குழாய் எல்லாம் கண்ணுக்குத் தெரியாது" என்பார் அண்ணன்.

மரத்துப் படம் என்று அண்ணி சொன்னது மரவெளியை. மேடம் அதை முதல் நாளே எளிதாகச் சொல்லிவிட்டார். ஒரு வெளி, துண்டு துண்டாக இல்லாமல் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். அதில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒரே ஒரு வழிதான் இருக்க வேண்டும். சுற்றி வர முடியாது, வளையம் கிடையாது. அவ்வளவுதான். நான்கு கிளை உள்ள ஒரு குச்சிகூட மரவெளிதான். ஆனால் ஒவ்வொரு கிளையிலும் சின்னக் கிளை, அதில் இன்னும் சின்னது என்று முடிவில்லாமல் வளர்த்துக்கொண்டே போனால் அது வேறு ஒரு பிராணியாக மாறிவிடும். திரையில் ஒரு படம் காட்டினார். ஓர் எளிய சமன்பாட்டில் வந்த விடையையே மறுபடி மறுபடி அதற்குள் போடுவது. எங்கோ தொலைவுக்கு ஓடிவிடாமல் தங்கும் புள்ளிகளை மட்டும் கறுப்பாக வைப்பது. மின்னல் வெட்டியதுபோல் ஓர் உருவம் வந்தது. அதன் ஒரு நுனியைப் பெரிதாக்கினார், அதே மின்னல். அந்த மின்னலின் நுனியைப் பெரிதாக்கினார், மறுபடியும் அதுவே. கோடு மாதிரி மெலிந்தது, ஆனாலும் ஒரு கோட்டைவிட அதிக இடத்தைப் பிடிக்கிறது. ஃபிராக்டல் என்று நாங்கள் அதுவரை அழகுக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அடியில் இந்த எலும்புக்கூடு இருக்கிறது என்றார் மேடம்.

"நடுவுல இருக்கற ஒரு புள்ளிய எடுத்துட்டீங்கன்னா மரவெளி ரெண்டா உடைஞ்சிடும். முனைய எடுத்தா உடையாது. முனைன்னா அதுதான் அர்த்தம். அது இல்லாட்டியும் மீதிப் பேருக்குள்ள போக்குவரத்து நிக்காது."

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல் இருந்தது. நல்ல விதமான காய்ச்சல்.

எங்கள் வகுப்பில் ஒருவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயது இருக்கும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எதையாவது சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். ஒரு மரவெளியை எப்படி நீட்டி மடித்துத் தன் மேலேயே போட்டாலும் ஒரு புள்ளியாவது தன் இடத்தை விட்டு நகராமல் இருக்கும் என்று மேடம் ஒரு தேற்றம் சொன்னபோது, "எங்க கடையில முதலாளி அப்படித்தான் மேடம். என்ன குலுக்கினாலும் கல்லாவ விட்டு நகர மாட்டார்" என்றார். மேடம்கூடச் சிரித்தார். என்னை அவர் 'தண்ணி ஆபீஸ்' என்று கூப்பிடுவார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

உங்கள் வேலையிலிருந்து ஒரு மரவெளியைக் கொண்டுவாருங்கள் என்று மேடம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடிக்காரர், கண்ணுக்குள் பின்புறம் ஓடும் ரத்தக் குழாய்களின் புகைப்படம் ஒன்றைக் கடை டாக்டரிடமிருந்து வாங்கி வந்தார். சிவப்பு வட்டத்தில் கிளை கிளையாகப் பிரிந்து மெலிந்து போகும் குழாய்கள். மேடம் அதை வெகுநேரம் பார்த்தார். நான் மேட்டுப் பகுதியின் குழாய்ப் படத்தை நாலு வண்ணத்தில் வரைந்து கொண்டுபோயிருந்தேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து. அதை விரித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"தண்ணி ஆபீஸ், இதுல வளையம் இருக்கே" என்றார் கண்ணாடிக்காரர். விரலை வைத்துச் சுற்றிக் காட்டினார். "இதோ பாருங்க, எங்க சந்துக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் தண்ணி வருது. இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம். மரவெளி இல்லையே."

வகுப்பு சிரித்தது. கேலியாக அல்ல, அவர் என்ன சொன்னாலும் சிரிப்பது அவர்களுக்குப் பழக்கம். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டேன். அவர் சொன்னது சரிதான். வரைந்தவளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. இதைப் பற்றி அன்றே எழுதியிருக்கிறேன், பிறகு நான் செய்த எதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் அன்றே எழுதியிருக்கிறேன்.

ஆனால் அவர் விரல் சுற்றிய இடத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வளையம் இருக்கும்வரை ஒரு குழாயில் ஓடும் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒழுக்கு ஒளிந்துகொள்கிறது. வளையங்களை வெட்டிவிட்டால் மேட்டுப் பகுதி மரவெளியாகிவிடும். தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே வழி. அப்புறம் ஒரு கிளையில் அளவெடுத்தால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். தெரிந்த பக்கத்தை மறுபடி இரண்டாகப் பிரித்தால் இன்னும் நெருங்கிவிடலாம். எங்கேயோ என்பதற்கு ஒரு முகவரி கிடைத்துவிடும்.

இன்ஜினியரிடம் முறைப்படி எழுதிக் கேட்டேன். அவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வளையம் எதுக்கு வெச்சிருக்குன்னு தெரியுமா உனக்கு? ஒரு பக்கம் உடைஞ்சா இன்னொரு பக்கத்துலேருந்து தண்ணி போகணும். அது ஜனங்களுக்காக வெச்ச வழி. உன் பாடத்துக்காக வெச்சதில்ல."

"ஒரு வாரம் போதும் சார்."

"ஒரு மணி நேரம்கூட வேண்டாம். போய் வேலையப் பாரும்மா."

வேலையைத்தான் பார்த்தேன். வால்வுகளைத் திறக்கவும் மூடவும் ஒரு நீளக் கம்பிச் சாவி உண்டு. அது வால்வுக்காரர் கையில் இருக்கும். அவருக்கு முட்டி வலி, மேடு ஏறுவதென்றால் முகம் சுருங்கிவிடும்.

"அண்ணே, மேட்டுப் பக்கம் வால்வெல்லாம் படத்தோட ஒத்துப் பாக்கணும். சாவியக் குடுங்க, நானே போறேன்."

"நல்லா இரு தங்கச்சி. என் ரெண்டு முட்டியும் சேர்ந்து உன்ன வாழ்த்தும்" என்று சைக்கிளோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்.

வளையங்களைச் சேர்க்கும் இணைப்பு வால்வுகளை ஒவ்வொரு நாள் விடியற்காலையிலும் ஒன்றிரண்டாக மூடினேன். ஜனங்கள் குழாயைத் திறப்பதற்கு முன்பு அளவெடுக்க வேண்டும், அதுதான் முறை. முதல் கிளைப்புள்ளியில் அளந்தேன். இரண்டு கிளைகளில் ஒன்றில் மட்டும் இழப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இரண்டிலும் இருந்தது. இரண்டிலும் அந்தந்தக் கிளையின் அன்றாட அளவில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கிளையை எடுத்துக்கொண்டு அது பிரியும் இடத்தில் அளந்தேன். மறுபடி இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் கீழே போனேன், அதே மூன்றில் ஒன்று.

எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வது. மேடம் திரையில் நுனியைப் பெரிதாக்கப் பெரிதாக்க அதே மின்னல் வந்ததே, அது அங்கே அழகாக இருந்தது. இங்கே யாரோ என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டுவதுபோல் இருந்தது. ஒழுக்கு ஓரிடத்தில் இல்லை, எல்லா முனைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் அந்த அளவுகளுக்கு அர்த்தம். அதாவது இன்ஜினியர் சொன்னதுதான். எங்கேயோ. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

ஒன்றையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு விரிசல். இதோ, இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒன்று. கண்ணாடிக்காரர் இருக்கும் சந்தை எடுத்துக்கொண்டேன். அவர் இருப்பதால் அல்ல. படத்தில் அது வசதியாக இருந்தது. பின்பக்க இணைப்பை மூடியதும் அது முட்டுச்சந்து ஆகிவிட்டது, குழாயைப் பொறுத்தவரை. தண்ணீர் சந்தின் வாயில் வழியாக மட்டும் நுழையும். முதலில் தையல்காரர் வீடு. அதைத் தாண்டிக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. இடது கிளையில் கண்ணாடிக்காரர் வீடு, அதற்கு அடுத்து ஓய்வுபெற்ற தபால்கார அம்மா. வலது கிளையில் சலவைக்காரர் வீடு. இவ்வளவுதான் சந்து. சுத்தமான சின்ன மரவெளி.

அழுத்தத்தைக் குறைத்தால் ஒழுக்கு எப்படி மாறுகிறது என்று பார்க்கச் சந்து வாயில் வால்வைப் பாதி மூடினேன். இங்கே ஒன்றை உங்களிடம் சொல்லிவிட வேண்டும். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே போகும். அழுத்தம் குறைந்தால் வெளியே இருப்பது உள்ளே வரும். அந்தச் சந்தில் குழாயை ஒட்டிச் சாக்கடை ஓடுகிறது. இது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் அதை அப்போது நினைத்துப் பார்த்தேனா என்று கேட்டால், நினைத்துப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு சாத்தியமாகத்தான்.

அடுத்த வகுப்பில் கண்ணாடிக்காரர் என் பெஞ்சுக்கு வந்தார்.

"தண்ணி ஆபீஸ், எங்க வீட்டுத் தண்ணி நாத்தம் அடிக்குது. எங்க மாமியார் என்னைத்தான் திட்டறாங்க. தொட்டியக் கழுவாத சோம்பேறின்னு. நேத்து கழுவிட்டேன், இன்னிக்கும் நாறுது. கொஞ்சம் உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்களேன், குடும்பத்துல சமாதானம் வரட்டும்."

"எப்போலேருந்து?"

"செவ்வாய்க்கிழமை காலையிலேருந்து."

"பக்கத்து வீட்டுலயும் நாறுதா?"

"தபால் அம்மா வீட்டுலயும்தான். தையல்காரர் வீட்டுல இல்லையாம். ஏன், அதிர்ஷ்டம்கூட வீடு பாத்துத்தான் வருமா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு காரணத்துக்காக. ஒரு வருஷமாகக் கிடைக்காதது ஒரு பேச்சில் கிடைத்துவிட்டது. தையல்காரர் வீட்டில் இல்லை, அதைத் தாண்டி இருக்கிறது. வளையம் இருந்திருந்தால் இதற்கு ஓர் அர்த்தமும் இல்லை, நாற்றம் எந்தப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். மரவெளியில் அப்படி இல்லை. ஒரே வழி. விரிசல் தையல்காரர் வீட்டுக்கும் கண்ணாடிக்காரர் வீட்டுக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். எந்த மீட்டராலும் சொல்ல முடியாததை மூன்று வீட்டுக் குழாய்கள் சொல்லிவிட்டன.

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. தபால்கார அம்மா இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டார். சீட்டு எழுதினேன், வால்வுக்காரரிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டாவது போய்ப் பார்ப்பார். போனால் இரண்டு வால்வையும் திறந்துவிடுவார். திறந்தால் எல்லாம் கலைந்துவிடும். ஒரு சோதனையின் நடுவில் பாத்திரத்தைத் தட்டிவிடுவதுபோல். புகார்கள் வருவதற்கும் ஒரே வழிதான், அது என் மேசை. அதைப் பற்றி நான் பெருமைப்படவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக்காரரின் மகளுக்கும் மாமியாருக்கும் வயிற்றுப்போக்கு. தபால்கார அம்மாவுக்கும். உங்கள் துறையிலிருந்து ஆய்வாளர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார்.

"அந்தச் சந்துல சாம்பிள் எடுக்கணும்மா. எந்தக் குழாய்ல பிடிக்கலாம்?"

"தையல்காரர் வீட்டுக் குழாய்ல பிடிங்க சார். தண்ணி அங்கேதான் நுழையுது" என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை, நீங்கள் படத்தை எடுத்துப் பார்க்கலாம். அந்தத் தண்ணீர் சுத்தமாக இருந்தது. தையல்காரர் வீடுவரை குழாய் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது எனக்கு உறுதியான சான்றாகவும் ஆயிற்று. சாப்பாட்டில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தார்கள்.

திங்கட்கிழமை மாமியார் இறந்துபோனார். வகுப்பில் மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. வகுப்பு முடிந்து நான் மருத்துவமனைக்குப் போனேன், போகாமல் இருக்கவில்லை. கண்ணாடிக்காரர் வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளே, கையில் குளுக்கோஸ் ஊசியோடு. மனைவி அம்மாவின் காரியங்களுக்காகத் தன் அண்ணன் வீட்டில் இருந்தார்.

"ரெண்டு பேரும் சண்டைக் கோழிங்க மாதிரி இருப்போம்" என்றார் அவர். "காலையில எழுந்தா அவங்க என்னைத் திட்டணும், நான் அவங்களுக்கு பதில் சொல்லணும். அப்பதான் வீட்டுல விளக்கு எரியற மாதிரி இருக்கும். இப்ப யார்கிட்ட போய்ப் பேச்சு வாங்கறது, சொல்லுங்க."

வயதானவர், மகள் வீட்டில் ஒண்டியிருந்தவர், அவர் மூலமாக யாரும் யாரையும் அடையவில்லை என்று அன்றிரவு எழுதினேன். ஒரு முனைதான், எடுத்துவிட்டாலும் மீதி சேர்ந்தே இருக்கும் என்று. எழுதிவிட்டுப் பார்த்தபோது அந்த வரி சரிதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் எதுவோ இரண்டாக உடைந்ததுபோல்தான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாக நான் எழுதுவதில்லை.

நான் கிளம்பும்போது அவர் எழுந்து வந்தார்.

"ஒரு உதவி. டாக்டர் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கார். எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கட்டும்னு. தபால் அம்மாவ அவங்க பையன் கூட்டிட்டுப் போயிட்டான். சலவைக்காரர் குடும்பம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க, நாளைக்கு வந்துடுவாங்க. நாலு பிள்ளைங்க. நீங்க அந்தப் பக்கம் சைக்கிள்ல போறவங்கதானே, ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் இங்கேருந்து நகர முடியல. வேற யார்கிட்ட சொல்றதுன்னும் தெரியல."

"சொல்றேன் அண்ணா" என்றேன். அவரை நான் அண்ணா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

இப்போது நிலைமை என்னவென்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விரிசல் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கிறது. தையல்காரர் வீட்டுக்கும் கிளை பிரியும் இடத்துக்கும் நடுவில் இருக்கலாம்; அல்லது பிரிந்த பிறகு இடது கிளையில் இருக்கலாம். முதலாவது என்றால் வலது கிளையிலும் கெட்ட தண்ணீர் போகும். இரண்டாவது என்றால் போகாது. வலது கிளையில் இருப்பது சலவைக்காரர் வீடு மட்டும். அவர்கள் ஊரில் இல்லாததால் இவ்வளவு நாள் அந்தக் கிளையிலிருந்து எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை. நாற்றமும் வார முடிவோடு அடங்கிவிட்டது, அதை வைத்தும் சொல்ல முடியாது. இது எனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது என்று உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். கையெட்டும் தூரத்தில் விடை, நடுவில் ஒரு கல்யாணம்.

இரண்டு இடத்திலும் தோண்டிப் பார்த்தால் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பத்தடி தூரம்தான். இன்ஜினியராக இருந்தால் அப்படித்தான் செய்வார், அரை நாள் வேலை. ஆனால் அது கண்டுபிடிப்பு ஆகாது. குருடன் கை வைத்த இடத்தில் கிடைத்ததுபோல் ஆகிவிடும். வளையம் இல்லாத வெளியில் யோசித்தே ஓர் இடத்தைச் சொல்லிவிட முடியும் என்று நான் காட்ட வேண்டும். மறுபடி படத்தை விரித்து ஒரு புள்ளியில் விரல் வைக்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மாலை சலவைக்காரர் குடும்பம் வந்து இறங்கியது. நான் சந்து வாயிலில் வால்வு மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவள் ஆட்டோவிலேயே தூங்கிவிட்டிருந்தாள், தோளில் போட்டுத் தூக்கிப் போனார்கள். சலவைக்காரரின் மனைவி என்னைப் பார்த்து நின்றார்.

"தண்ணி ஆபீஸ் பொண்ணுதானே நீ? தண்ணி எல்லாம் ஒழுங்கா வருதாம்மா? இதுங்க வழியெல்லாம் தாகம் தாகம்னு உயிர வாங்கிடுச்சுங்க."

"வருது அக்கா" என்றேன்.

காய்ச்சிக் குடிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைவு இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. வாய்வரை வந்தது. ஆனால் காய்ச்சிய தண்ணீர் எதையும் காட்டாது. அவர்கள் நன்றாக இருந்தால் அது குழாய் நன்றாக இருப்பதாலா, காய்ச்சியதாலா என்று எனக்கு எப்படித் தெரியும். ஒரு வாரத்து உழைப்பு, கண்ணாடிக்காரரின் மாமியார் சாவு உட்பட, வீணாகப் போயிருக்கும். வீணாகக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் அல்ல, என் அண்ணியைக் கேட்டாலே சொல்வார், ஓர் எறும்பைக்கூட ஊதித்தான் நகர்த்துவேன்.

இன்று காலை அந்த வழியாகப் போனேன். பிள்ளைகள் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், நாலு பேரும். சின்னவள் குழாயில் வாய் வைத்துக் குடித்தாள். தண்ணீர் நூல்போல்தான் வந்தது. இன்னும் ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாள் ஆகலாம். மற்ற வீடுகளில் மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

உங்களுக்கான படத்தைத் தனித்தாளில் சுத்தமாக வரைந்து இத்துடன் வைக்கிறேன். விரிசலின் இடத்தை மட்டும் இன்னும் குறிக்கவில்லை. பென்சிலில் இரண்டு புள்ளிகள் வைத்திருக்கிறேன். ஒன்றை அழிக்க வேண்டும்.

நாளை வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போகும் வழியில் சலவைக்காரர் வீட்டில் நின்று, பிள்ளைகளில் யாருக்காவது வயிறு சரியில்லையா என்று கேட்க வேண்டும். எல்லோரும் நன்றாக இருந்தால், சந்து வாயில் வால்வை இன்னும் கால் சுற்று மூட வேண்டும்.